அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாவுக்கு ராத்திரியில் ஏன் தூக்கம் வரவில்லை?

ராத்திரி இரண்டே கால் இருக்கும். சமையலறையில் விளக்கு எரிகிறதே என்று எழுந்து போய்ப் பார்த்தால், அம்மா தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். காட்பாடி ஜங்ஷன் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது தவிர தெருவில் ஒரு சத்தமும் இல்லை. "பசிக்குதும்மா, இன்னா பண்றது? எனக்கு சாயங்காலம் ஆன மாதிரியே இருக்குது" என்றார். நியூ ஜெர்சியில் தம்பி வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து அது மூன்றாவது ராத்திரி. பகல் பதினொரு மணிக்கு காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே கண் சொக்கிவிடும், ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணில் பொட்டுத் தூக்கம் இருக்காது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணீர் மாறிப்போச்சு, உடம்பு சூடு பிடிச்சிருக்கு, ஊரே கண்ணு வெச்சிருக்கும் சுத்திப் போடு. நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவள், எனக்கு அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. சாயங்காலம் ஆன மாதிரி இருக்கிறது என்றாரே, நியூ ஜெர்சியில் அப்போது உண்மையிலேயே சாயங்காலம் நாலே முக்கால். அம்மாவின் உடம்பு அங்கத்து மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர்தான் ஜெட் லேக். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று எங்கள் பக்கம் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடு ஒன்றிரண்டு இருக்கிறது, வயதான அம்மா அப்பா போய்ப் போய் வருகிறார்கள். அவர்களுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளுக்கும் இது புரிந்தால் பாதிக் கஷ்டம் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பயணக் களைப்பு வேறு, ஜெட் லேக் வேறு. காட்பாடியில் ரயில் ஏறி டெல்லி போய் இறங்கினால் இடுப்பு ஒடிந்துபோகும், கால் வீங்கும், தலை கிறுகிறுக்கும், ஆனால் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், ஏனென்றால் டெல்லியிலும் அதே மணிதான். ஜெட் லேக் அப்படித் தூங்கித் தீர்க்கிற விஷயம் கிடையாது. விமானத்தில் எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி வந்தவருக்கும் அது வரும். அது ஓய்வு போதாமல் வருவதில்லை, உடம்புக்குள் ஓடுகிற கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் பொருந்தாமல் போவதால் வருவது.

உடம்புக்குள் கடிகாரம் என்றால் பேச்சுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, சாயங்காலம் ஆனால் இலையை மடக்கிக்கொள்ளும், காலையில் விரிக்கும். வெளிச்சம் குறைவதைப் பார்த்து மடக்குகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள், அதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 1729-ல் பிரான்சில் டி மைரன் என்கிற வானியல் அறிஞர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது பகல் நேரத்தில் இலையை விரித்தது, இரவு நேரத்தில் மடக்கியது. அதாவது நேரம் செடிக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த உள்நேரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களின் மரபணுவில் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் ஒரு புரதம் ராத்திரியெல்லாம் சேர்ந்துகொண்டே போகும், ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் தன்னைத் தயாரிக்கிற மரபணுவைத் தானே நிறுத்திவிடும், பகலில் கரைந்து தீரும், தீர்ந்ததும் மறுபடி உற்பத்தி தொடங்கும். இந்த ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. ஈயிலும் இதுதான், நம்மிலும் அடிப்படை இதுதான்.

நம் தலைக்குள் இந்தக் கடிகாரங்களுக்கெல்லாம் தலைமைக் கடிகாரம் ஒன்று உண்டு. மூளையில் ஹைபோதலாமஸ் என்கிற பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடுகிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் உள்ள சின்னக் கொத்து. அது அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வேண்டியது வெளிச்சம். விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் இந்தக் கொத்துக்குச் சொல்லி அனுப்பும் தனி செல்கள் சில இருக்கின்றன, அவை நீல நிறம் கலந்த வெளிச்சத்தால் அதிகமாகத் தூண்டப்படும். பகல் வானத்தின் வெளிச்சம் அப்படிப்பட்டதுதான், கைபேசித் திரையிலும் அது உண்டு. தலைமைக் கடிகாரம் இருட்டு நேரம் என்று கணக்குப் போட்டால் மூளையில் உள்ள பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் சுரக்கும், உடல் வெப்பம் இறங்கும், தூக்கம் வரும். விடியப்போகிறது என்றால் வெப்பம் ஏறும், முழிப்புக்கு உதவுகிற கார்ட்டிசால் ஹார்மோன் ஏறும், முழிப்பு வரும்.

இதுபோக ஈரல், குடல், கணையம் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும் தங்களைத் திருத்திக்கொள்ளும். புது ஊருக்கு வந்ததும் தலைமைக் கடிகாரம் ஒரு வேகத்தில் நகர, குடல் இன்னொரு வேகத்தில் நகரும். அதனால்தான் தூக்கம் மட்டும் கெடுவதில்லை, வயிறு மந்தம், மலச்சிக்கல், நடுராத்திரிப் பசி, எரிச்சல், ஞாபக மறதி எல்லாம் கூடவே வருகின்றன. அம்மாவின் தயிர் சாதம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கப்பல் காலத்தில் இந்தத் தொந்தரவு கிடையாது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் டாக்டர் படிப்பு முடித்து 1900-ல் வேலூர் திரும்பினார் என்றால், வாரக்கணக்கில் கடலில் வந்திருக்கிறார். கப்பல் ஒரு நாளில் நகருகிற தூரத்துக்கு மணி கொஞ்சம்தான் மாறும், அந்தக் கொஞ்சத்தை உடம்பு அன்றன்றைக்கே சமாளித்துக்கொள்ளும். ஜெட் விமானம் அதே தூரத்தை ஒரே நாளில் தாண்டிவிடுகிறது, பெயரிலேயே ஜெட் இருப்பது அதனால்தான்.

உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு திரும்பும்? தோராயமாக, மேற்கே போனால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம், கிழக்கே போனால் நாளுக்கு ஒரு மணி நேரம். ஆளுக்கு ஆள் மாறும், வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். கிழக்கு ஏன் கடினம் என்றால், நம் உள் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். நாளை நீட்டச் சொன்னால் அது சுலபமாக நீட்டும், குறுக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். மேற்கே போகும்போது நாள் நீளும், கிழக்கே வரும்போது குறுகும். ராத்திரி பத்துக்குத் தூங்குகிறவரைப் பன்னிரண்டு வரை உட்கார வைத்துவிடலாம், எட்டு மணிக்கே தூங்கு என்றால் முடியுமா? அமெரிக்கா போனபோது நன்றாகத்தான் இருந்தேன், இங்கே வந்துதான் படுத்துகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான், ஊரோ தண்ணீரோ காரணமில்லை.

சரி, இந்தக் கடிகாரத்தைத் திருப்புவது எப்படி? இந்த இடத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நானே ஒருமுறை தவறு செய்தேன். இரண்டு வருடம் முன்பு அம்மா இதேபோல வந்தபோது, எங்கேயோ படித்ததை வைத்து, தினமும் காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நடக்க வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். இரண்டு வாரம் தாண்டியும் அம்மாவுக்குத் தூக்கம் சீராகவில்லை, ரொம்ப வாடிப்போனார்.

எங்கே தவறு? வெளிச்சம் கடிகாரத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்பது, அது உடம்பின் எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒரு நடுநிசி உண்டு, உடல் வெப்பம் ரொம்பக் குறைந்து நிற்கிற நேரம், நீங்கள் வழக்கமாக எழுந்திருக்கிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அந்த நடுநிசிக்கு முந்தைய சில மணி நேரத்தில் வெளிச்சம் பட்டால், இன்னும் சாயங்காலமே முடியவில்லை போல என்று கடிகாரம் தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும், தூக்கம் இன்னும் தாமதமாகும். நடுநிசிக்குப் பிந்தைய சில மணி நேரத்தில் பட்டால், விடிந்துவிட்டது போல என்று முன்னுக்கு வரும், தூக்கம் சீக்கிரம் வரும்.

அம்மா நியூ ஜெர்சியில் காலை ஆறு மணிக்கு எழுகிறவர். அவர் உடம்பின் நடுநிசி அங்கத்து மணி மூன்றரை. செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. ஆக அங்கே விடிகாலை மூன்றரை என்றால் இங்கே மதியம் ஒரு மணி. நான் மாடிக்குக் கூட்டிப்போன காலை ஆறரை, அம்மாவின் உடம்புக்கு ராத்திரி ஒன்பது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் கண்ணில் வெயிலைக் காட்டினால் என்ன ஆகும்? தினமும் கடிகாரத்தைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த முறை மாற்றிச் செய்தோம். முதல் நாள் மதியம் ஒரு மணி வரை ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்தார், வாசலுக்குப் போக வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி. ஒன்றரைக்கு மேல் திண்ணை. வெயிலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, வேலூர் வெயிலில் அறுபத்தெட்டு வயதுக்காரரை நிற்க வைக்கவும் கூடாது. திண்ணை நிழலில் உட்கார்ந்தாலே வீட்டுக்குள் இருக்கிற விளக்கு வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு கண்ணுக்கு வந்துவிடும். கூடத்தில் ட்யூப்லைட் போட்டால் இருநூறு முந்நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) இருக்கும், பகலில் வெளியே நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ். கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக் கொடுத்து உருவச் சொன்னேன், தூங்கி விழாமல் இருக்கக் கைக்கு வேலை வேண்டும். முதல் நாள் மூன்று மணிக்குள் நான்கு முறை தலை தொங்கிப்போனது, ஒருமுறை காம்பும் இலையுமாக அப்படியே மடியில் சரிந்துவிட்டது, எழுப்பி முகம் கழுவ வைத்து மறுபடி உட்கார வைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. மறுநாள் பன்னிரண்டு மணியிலிருந்து வெளிச்சம், அதற்கு அடுத்த நாள் பதினொன்று என்று தினமும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்தோம். மூன்றாவது ராத்திரிதான் அந்தத் தயிர் சாதம். ஐந்தாவது ராத்திரி மூன்று மணி வரை தூங்கினார். எட்டாவது நாள் பால்காரர் மணியடித்தபோதுதான் எழுந்தார்.

இதே கணக்கைப் போகும்போதும் போடலாம். இங்கே ஐந்தரைக்கு எழுகிறவருக்கு உடம்பின் நடுநிசி மூன்று மணி. கோடையில் நியூ ஜெர்சி போய் இறங்கினால் அது அங்கே சாயங்காலம் ஐந்தரை. ஆகவே மதியம் முழுக்க வெளியே இருக்கலாம், முதல் ஓரிரு நாள் மட்டும் ஆறு மணிக்கு மேல் அடிக்கிற வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. லண்டன் என்றால் அது ராத்திரி பத்தரை, அங்கே கோடையில் எட்டு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், நன்றாக வெளியே நடங்கள், அதுவே இழுத்துச் சேர்த்துவிடும். துபாய்க்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம், சிங்கப்பூருக்கும் சவுதிக்கும் இரண்டரை, இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு தேவையில்லை. எவ்வளவு தூரமானாலும் இரண்டு நாளில் திரும்பிவிடுகிற பயணம் என்றால் மாற்றவே முயல வேண்டாம், நம் ஊர் மணிப்படியே முடிந்தவரை தூங்கிவிட்டு வந்துவிடலாம்.

காபி விஷயம். நமக்கு அதை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. முழித்திருக்க வேண்டிய நேரத்தில் குடித்தால் அது உதவியே செய்யும். ஆனால் குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும், அதனால் மதியம் இரண்டுக்கு மேல் டிகாக்‌ஷன் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். பகலில் தாங்கவே முடியாவிட்டால் இருபது முப்பது நிமிடம் படுக்கலாம், அலாரம் வைத்துவிட்டு. அலாரம் இல்லாமல் படுத்தால் அது நான்கு மணி நேரமாகிவிடும், ஏனென்றால் உடம்புக்கு அது நடுராத்திரி. சாப்பாட்டை முதல் நாளிலிருந்தே வந்து இறங்கிய ஊர் நேரத்துக்கு வைத்துவிடுங்கள், பசி இல்லாவிட்டாலும் இரண்டு இட்லி. ராத்திரி பசித்தால் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, பெரிய விளக்கைப் போடாமல், கைபேசியை எடுக்காமல் மறுபடி படுக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கிழக்கே வரும்போது நாள் குறுகுகிறது, மேற்கே போகும்போது நீள்கிறது, எந்த வேளை ஊசியை எப்போது எவ்வளவு போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிற கணக்கு இல்லை அது. மெலடோனின் மாத்திரை ஜெட் லேக்குக்கு உதவுகிறது என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம், புது ஊரின் படுக்கை நேரத்தில் குறைந்த அளவு எடுப்பார்கள். நேரம் தப்பினால் அதுவும் வெளிச்சத்தைப் போலவே தப்பான பக்கம் தள்ளும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிடுகிற தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம், வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டு விமானங்கள் பல சென்னைக்கு ராத்திரியில்தான் வந்து இறங்குகின்றன. அங்கிருந்து வேலூருக்கு நெடுஞ்சாலையில் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். பல நாள் கழித்து ஊருக்கு வந்த உற்சாகத்தில் நானே ஓட்டுகிறேன் என்று பிள்ளைகள் சாவியை வாங்கிவிடுகிறார்கள். இருபது மணி நேரம் பயணம் செய்த உடம்பு எந்த நொடி கண்ணை மூடும் என்று அதற்கே தெரியாது. டிரைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வந்தவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். அதேபோல வந்த மறுநாளே பத்திரப் பதிவு, பெண் பார்க்கப் போவது, பணம் கொடுக்கல் வாங்கல் எதையும் வைக்காதீர்கள், நான்கைந்து நாள் தள்ளி வையுங்கள்.

விமானமே ஏறாமல் இதே அவஸ்தையை அனுபவிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். வேலூர் நர்ஸ்களின் ஊர். நைட் டூட்டி முடித்து எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கிழக்கு வெயில் முகத்தில் அடிக்க நிற்கிறார்களே, அந்த வெயில் அவர்கள் கடிகாரத்துக்கு இப்போதுதான் பகல் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? அப்புறம் நான்கு நாளில் டே டூட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஷூ கம்பெனி ராத்திரி ஷிஃப்ட்டும் இப்படித்தான். வீடு வரும் வரை கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறையில் ஜன்னலுக்குத் தடித்த துணி, பகல் தூக்கத்தில் கதவைத் தட்டாத குடும்பம், இந்த மூன்றும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். என் பெரியம்மா பேத்தி நர்ஸாக இருக்கிறாள், ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து படுக்கிற பெண்ணைப் பதினொரு மணிக்கு எழுப்பி, இந்நேரத்துக்குத் தூங்கினா குடும்பம் விளங்குமா என்று கேட்டிருக்கிறார்கள் புகுந்த வீட்டில். எனக்கு அதைக் கேட்டு மனசே ஆறவில்லை.

குழந்தைகளோடு வருகிறவர்கள் முதல் மூன்று நான்கு ராத்திரி தூக்கம் போகும் என்று தயாராகவே வாருங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தை விளையாடக் கேட்டால் அதைத் திட்டாதீர்கள், மங்கலான வெளிச்சத்தில் சத்தமில்லாத விளையாட்டு ஏதாவது கொடுங்கள், டிவி மட்டும் வேண்டாம்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா மகளுக்குப் பிரசவம் பார்க்க மெல்போர்ன் கிளம்புகிறேன் என்று சொல்ல வந்தார், ஜூன் மாதம் டிக்கெட். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா அவரை உட்கார வைத்து, "நீ இங்க எத்தினி மணிக்கு எழுந்துப்ப?" என்று கேட்டார். ஐந்தரை என்றார் அக்கா. அம்மா விரலை மடக்கி எண்ணிவிட்டு என்னைப் பார்த்து, "அங்க நமக்கு எவ்ளோம்மா கூட?" என்றார். ஜூனில் நாலரை மணி நேரம் என்றேன். "மூணு மணி, நாலரை, ஏழரை" என்று முணுமுணுத்தவர், அக்கா பக்கம் திரும்பி, "போன மொத நாளு ஏழரை மணி வரைக்கும் ஸ்கிரீனைத் தொறக்காத, எட்டு மணிக்கு மேல வெளிய போயி உக்காரு. காலங்காத்தால வெயில்ல நடன்னு யாராவது சொன்னா கேக்காத" என்றார்.